எல்க்குக்கு அது பத்தாது

தோட்டாப் பண்டிதர் என்று ஓர் இனம் உண்டு. அமெரிக்காவின் மான்டானாவில் எந்தச் சிற்றூரின் துப்பாக்கிக் கடைக்குள் நுழைந்தாலும் அவரைக் காணலாம். வாங்க வந்தவருமல்ல, விற்பவருமல்ல. ஓசிக் காபியோடு கண்ணாடி மேசையில் முழங்கையை ஊன்றி நிற்பார், யாரோ ஒரு பாவம் தன் பாட்டுக்கு ஒரு துப்பாக்கியைத் தொட்டுவிட்டால் போதும், தொண்டையைக் கனைத்து, குண்டின் எடை என்ன, வேகம் என்ன, நானூறு கஜத்தில் அது எத்தனை அங்குலம் தாழும் என்பதையெல்லாம் மூச்சுவிடாமல் ஒப்பித்து, கடைசியில் தம் மூலமந்திரத்தை உதிர்ப்பார்: "எல்க்குக்கு அது பத்தாது." எல்க் என்பது அந்த மலைகளில் திரியும், குதிரை அளவு மான். அவரை யார் கேட்டார்கள்? ஒருவரும் கேட்கவில்லை.

டயர் கடை வெர்லின் ஸ்டாடர்ட் இந்த இனத்தில் முதல் தரம். ஊருக்குப் புதிதாக வந்த பள்ளி ஆசிரியை இன்கிரிட், காலிபர், அதாவது குண்டின் பருமன், இருநூற்று எழுபது உள்ள துப்பாக்கி ஒன்றைக் கையில் எடுத்தாள்.

"ஏம்மா, அத வச்சு முயல் அடிக்கலாம். எல்க் எழுநூறு பவுண்டு இருக்கும். திரும்பிப் பாத்து சிரிச்சிட்டுப் போயிடும்."

"உங்க வீட்டம்மா ட்வைலா வருஷா வருஷம் இதுலதான் எல்க் அடிக்கிறாங்களாமே?"

"அது அதிர்ஷ்டம்."

பத்தொன்பது வருடமாகத் தவறாமல் வரும் அதிர்ஷ்டம். இன்கிரிட் அந்தத் துப்பாக்கியையே வாங்கிக்கொண்டு போனாள்.

இனிதான் விஷயம். பதினொரு வருடம் குலுக்கலில் பெயர் போட்டுப் போட்டு, மலைக்கு அந்தப் பக்கத்துப் பள்ளத்தாக்கில் ஓர் ஆண் எல்க்கை அடிக்க வெர்லினுக்கு இந்த வருடம் அனுமதிச்சீட்டு விழுந்தது. தவறவிட்டால் மறுபடி எப்போதோ. அவருக்கோ வயது அறுபத்தொன்று. பழைய துப்பாக்கி போதும் என்று இருந்தால் அவர் பண்டிதராவாரா? முந்நூற்று முப்பத்தெட்டு மேக்னம் ஒன்றை வாங்கினார். அது எல்க்கை அடிப்பதற்கு முன்னால், பின்னுதைப்பில் சுடுகிறவர் தோளை அடிக்கும். ஒரு வாரத்தில் அவர் வலது தோள் கத்திரிக்காய் நிறத்துக்கு வந்தது. படியில் இடித்துக்கொண்டதாக ட்வைலாவிடம் சொன்னார்.

வேட்டை தொடங்க மூன்று நாள் இருக்கையில் ஊரே குறி பார்க்கும் மைதானத்தில் கூடியிருந்தது. வெர்லின் ஐந்து முறை சுட்டார். அட்டையில் ஓட்டை ஒன்று, அதுவும் ஓரத்தில். காற்றைத் திட்டினார், தோட்டாவைத் திட்டினார், தொலைநோக்கியைச் செய்தவனைத் திட்டினார். ஆடத் தெரியாதவள் முற்றம் கோணல் என்றாளாம்.

"குடுங்க, நான் ரொப்பித் தரேன்," என்றாள் ட்வைலா. தாழ்ப்பாளை இழுத்து மூடிக் கொடுத்தாள். உள்ளே தோட்டா ஒன்றும் போடவில்லை.

வெர்லின் விசையை அழுத்தினார். 'டிக்' என்றது, அவ்வளவுதான். ஆனால் வராத உதைக்குப் பயந்து தோள் சுருங்கி, கண் இறுக மூடி, குழல் முனை தரையைப் பார்த்துக் குனிந்தது. பக்கத்து மேசைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"வெறும் துப்பாக்கிக்கு எதுக்குங்க இவ்வளவு பெரிய கும்பிடு?" என்றாள் ட்வைலா. பிறகு குரலைத் தாழ்த்தி, "பதினோரு வருஷம் காத்திருந்தீங்க. என்னோடத எடுத்துட்டுப் போங்க. யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க."

பேசாமல் வாங்கிக்கொண்டிருக்கலாம். வெட்கம் கெட்டாலும் எல்க் கிடைத்திருக்கும். ஆனால் பக்கத்து மேசையில் அதே காலிபரோடு இன்கிரிட் அல்லவா உட்கார்ந்திருந்தாள்.

"எல்க்குக்கு அது பத்தாது," என்றார்.

சனிக்கிழமை காலை, நூற்றிருபது கஜத்தில், கிளைபரப்பிய கொம்போடு ஓர் ஆண் எல்க் பக்கவாட்டில் நின்றது. வெர்லின் கண்ணை மூடிக்கொண்டு அதற்கு ஒரு கும்பிடு போட்டார். குண்டு இரண்டடி முன்னால் புழுதியைக் கிளப்பியது. எல்க் திரும்பிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. சீசன் முடியும்வரை மறுபடி அவர் கண்ணில் படவில்லை.

டிசம்பரில் அவர் மீண்டும் கடை மேசையில் முழங்கை ஊன்றியிருந்தார். "முந்நூத்து முப்பத்தெட்டும் பத்தாது. முந்நூத்து எழுபத்தஞ்சு இல்லாம வேலைக்காகாது."

காலுறை வாங்க வந்த இன்கிரிட், வீட்டில் எல்க் கறி நிறைத்து வைத்திருப்பவள், சொன்னாள்: "குண்டு பட்டாத்தானேங்க பத்துமா பத்தாதான்னு தெரியும்?"

சிரிக்கிறீர்கள். நல்லது. காலை நடைக்குப் போகாததற்குக் காரணம் செருப்புதான் என்று மூன்றாவது ஜோடி வாங்கி வந்தீர்களே, அது எந்த காலிபர்? அடுத்த கடைக்கு ஓடுமுன் உங்கள் வீட்டில் யாரிடமாவது ஒரு வெறும் துப்பாக்கியைக் கொடுக்கச் சொல்லுங்கள். விசையை அழுத்தும்போது கண் திறந்திருக்கிறதா என்று அவர்கள் சொல்வார்கள். நீங்கள்தான் மூடியிருப்பீர்களே, உங்களுக்கு எப்படித் தெரியும்?