ஐதர் அலி கேட்ட மாடி வீடு

அன்புள்ள தம்பி எழிலரசனுக்கு,

திருப்பதியிலிருந்து உன் அக்காள் சந்திரம்மாள் எழுதிக்கொண்டது. இங்கு நானும் உன் மாமாவும் தரணியும் நலம். அங்கு நீயும் பிரமிளாவும் உன் தொப்பையும் நலமாக இருக்க ஏழுமலையான் பார்த்துக்கொள்வான். போனில் சொன்னால் நான் பேசுவது கீழ்வீட்டு மாமிக்குக் கேட்கும், நீ ஸ்பீக்கரில் போடுவதால் வரதய்யபாளையத்துக்கே கேட்கும். அதனால்தான் ஐந்தாவது வரை படித்த படிப்பை இன்றைக்கு வெளியே எடுத்தேன். பிழை இருந்தால் சிரிக்காதே, நீயும் ஆறாவதில் மூன்று வருஷம் குடியிருந்தவன்தான்.

பத்து நாளாக, "உன் லாரியை ரெடியா வைடா, வீட்டைக் காலி பண்ணணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தேனே, காரணம் கேட்டாய், ஐதர் அலி என்றேன், எந்த பிரியாணிக் கடை என்றாய். கடை இல்லையடா ராஜா. எங்கள் வீட்டுக்கார லக்ஷ்மிநரசிம்மன் சார் ரிட்டயர் ஆனதிலிருந்து பொம்மைச் சிப்பாய்களை வைத்துச் சண்டை விளையாடுகிறார். கட்டைவிரல் உயரத்தில் முந்நூறு பேர், ஒவ்வொருவனுக்கும் தானே மீசை வரைந்திருக்கிறார். கீழே அவர் வீட்டுக் கூடத்தில் எட்டடி மேஜை, அதன்மேல் சித்தூரிலிருந்து மெட்ராஸ் வரை மலையும் ஆறும் ரோடும், கடைசியில் சோப்பு டப்பா அடுக்கிய மெட்ராஸ் கோட்டை. மைசூர் ஐதர் அலி சித்தூர்ப் பக்கம் பாளையம் போட்டிருந்தபோது முதுகில் கட்டி வந்து செத்துப்போனாராம், அது நடந்த கதை. அந்தக் கட்டி ஆறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் இவர்கள் விளையாட்டு. சார் ஐதர் கட்சி. பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் வரத், தசராவுக்கு வந்தவன், வெள்ளைக்காரன் கட்சி. பகடையில் எத்தனை விழுகிறதோ அத்தனை விரற்கடை படையை நகர்த்தலாம்.

அதே கூடத்தில் மேஜையை ஒட்டி சாரின் சம்சாரம் பூமா மாமியின் கொலுப்படி. மரப்பாச்சி ஜோடி இந்தப் பக்கம், பீரங்கி அந்தப் பக்கம். முதல் நாளே மாமி, "கொலு முடிஞ்சதும் கூடம் எனக்கு வேணும், இந்தக் குப்பையை எடுங்கோ" என்றாள். சார் அசரவில்லை. "மாடி போர்ஷனைக் காலி பண்ணச் சொல்லிட்டு மேஜையை அங்கே போட்டுக்கறேன்" என்றார். வரத் நடுவில் புகுந்து, "விஜயதசமிக்குள்ள மெட்ராஸைப் பிடிச்சா மாடி உனக்கு. இல்லேன்னா சிப்பாய் எல்லாம் பரணுக்கு" என்று பஞ்சாயத்து சொன்னான். மூன்று பேரும் தலையாட்டினார்கள். அந்த மாடியில் குடியிருக்கிறவள் சுண்டலுக்குக் கிண்ணத்தோடு நிற்கிறாளே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. நீயே சொல், நம் பிள்ளை தரணிக்குக் கடைசி வருஷப் பரீட்சை வருகிறது, இரண்டு வருஷத்தில் இது மூன்றாவது வீடு, என் இட்லி வண்டியை வாசலிலேயே நிறுத்திக்கொள்ள வேறு எந்த வீட்டுக்காரன் விடுவான்? ஆகஸ்டு பதினைந்துக்குக் கொடி குத்திக்கொண்டு மிட்டாய் தின்ற நான், அன்றிலிருந்து வெள்ளைக்காரன் கட்சி ஆகிவிட்டேன்.

கறிவேப்பிலை வேண்டும், உப்பு வேண்டும் என்று தினம் நாலு தடவை கீழே இறங்கிப் போரைப் பார்த்துவிட்டு வருவேன். மூன்றாம் நாள் மாமியின் புடவைத் தலைப்புப் பட்டு வெள்ளைக்காரச் சிப்பாய் இரண்டு பேர் சாய்ந்தார்கள். வரத் நிமிர்த்தப் போனான். "தொடாதே! படுத்தவன் செத்தவன். காத்து தள்ளினாலும் சரி, கை தள்ளினாலும் சரி" என்று சார் கத்தியதோடு விடாமல், அதை அட்டையில் எழுதிச் சுவரிலும் ஒட்டிவிட்டார். ஐந்தாம் நாள் ஆற்காடு போச்சு. ஏழாம் நாள் படியேறும்போதே உன் மாமா, "இன்னாடி, எங்க வந்துக்கினு கீறான்?" என்றார். "காஞ்சிபுரம் தாண்டிட்டான்யா" என்றேன். "அய்யய்யோ, பாத்திரத்தக் கட்டு!" என்று இட்லிக் குண்டானையும் சேர்த்துச் சாக்கில் போட்டுத் தைத்துவிட்டார். மறுநாள் காலை வண்டியில் வெறும் சட்னி மட்டும் விற்றேன். நல்ல வேளை, ஐதர் வருகிறான் என்று உன் மாமாவையே எவனும் சாக்கில் கட்டவில்லை.

விஜயதசமி சாயங்காலம் ஐதர் கோட்டைக்கு நாலே விரற்கடையில் நிற்கிறான். நாலோ ஐந்தோ ஆறோ விழுந்தால் மெட்ராஸ் அவருடையது, மாடியும் அவருடையது. சார் பகடையைக் கையில் எடுத்தவர், "பெருமாளைச் சேவிச்சுட்டு வந்து உருட்டறேன்" என்று பூஜை அறைக்குள் போனார். வரத் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான். மாமிக்கு இரண்டு கையிலும் ஆரத்தித் தட்டு. விஜயதசமியன்று ஒரு பொம்மையைப் படுக்க வைத்தால் கொலு முடிந்ததாக அர்த்தம். மாமி என்னைப் பார்த்து, "சந்திரா, ஒரு பொம்மையைப் படுக்க வச்சுடு" என்றாள். நம் வீட்டில் என்றைக்கடா கொலு வைத்தோம்? எனக்கு எல்லாம் பொம்மைதான். கைக்கு எட்டியது ஒரு குதிரையும் பச்சைத் தலைப்பாகையும். பூப்போல எடுத்துப் படுக்க வைத்தேன்.

சார் வந்தார். மேஜையைப் பார்த்தார். உள்ளே வந்த வரத், "அப்பா, படுத்தவன்..." என்று ஆரம்பித்து மென்று விழுங்கினான். சார் ஐதரை நிமிர்த்தக் கையை நீட்டினார். மாமி தட்டோடு குறுக்கே வந்து, "தொடப்படாது! விஜயதசமிக்குப் படுத்த பொம்மையை விடியறதுக்குள்ள எழுப்பினா குடும்பத்துக்கு ஆகாது" என்றாள். விடிந்தால் கெடு முடிந்தது. சார் மாமியைப் பார்த்தார், சுவரில் தன் கையெழுத்தில் இருந்த அட்டையைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். மூடிய கையைத் திறந்து பகடையைக் கொலுப்படியில் வைத்தார். "சரி, பரணுக்கு ஏத்துங்கோ" என்றார். பிறகு மெல்ல, "சந்திரம்மா, பாத்திரத்தை அவிழ்த்துடு" என்றார்.

ஆகையால் தம்பி, வண்டி வேண்டாம், நாங்கள் எங்கும் போகவில்லை. உன் லாரி டயர் தேயாமலும், உன் வாய் ஓயாமலும், பிரமிளாவின் கை உன்மேல் ஓங்காமலும் இருக்க அக்காளின் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உன் அக்காள்
சந்திரம்மாள்

பின்குறிப்பு: கவருக்குப் பசை தடவிக்கொண்டிருந்தபோது சார் மாடியேறி வந்துவிட்டார். "மாமி சொன்னது, 'மரப்பாச்சியைப் படுக்க வை'ன்னு. பூஜை அறையிலேருந்து எனக்கு நன்னாக் கேட்டது. உனக்கு?" என்றார். எனக்கும் நன்றாகத்தான் கேட்டதடா, மேலே உனக்குத்தான் மாற்றி எழுதிவிட்டேன், என்ன செய்ய? அவர் துண்டு முடிச்சை அவிழ்த்துப் புதுப் பொம்மை ஒன்றை ஜன்னலில் நிறுத்தினார். "இவன் திப்பு, ஐதரோட புள்ளை. அப்பா செத்ததை வெளியில விடாம, புள்ளை வர்ற வரைக்கும் தளபதிகள் எல்லாம் படையைக் கலையாம வச்சிருந்தா. அது நிஜமாவே நடந்தது. வரத் நாளைக்குக் கிளம்பறான். ஒத்தைக் கையால ஐதரைச் சாய்ச்சவளைவிட நல்ல வெள்ளைக்காரன் எனக்கு எங்கே கிடைப்பான்?" என்றார். காலி செய்ய வேண்டாமாம், மேஜை மட்டும் மாடிக்கு வருமாம். எட்டடி மேஜை, பத்தடிக் கூடம். எனவே வண்டியை உடனே அனுப்பு. கட்டிலையும் பீரோவையும் உன் மாமாவையும் ஏற்றிவிடுகிறேன். அவர் குறட்டைக்கு என் சிப்பாய்கள் விழுவார்கள், இங்கே விழுந்தவன் விழுந்தவன்தான்.