தெளிவையாவின் கட்டைவிரல்

ஊரே இரும்புக்கடை மாடிக்கு ஏறிக்கொண்டிருந்தது. முட்டிவலிக்காரர்கள் முனகிக்கொண்டே ஏறினார்கள். ஒரு நோயும் இல்லாதவர்கள், "எதுக்கும் பாத்துடலாமே" என்று ஏறினார்கள். மாடியில் தெளிவையா உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக் கோப்பையில் துப்பச் சொல்வார், தண்ணீர் போன்ற ஒரு மருந்தை அதில் ஊற்றுவார். சற்று நேரத்தில் எச்சில் பளிச்சென்று மஞ்சளாகும். "பாத்தீங்களா, உடம்புல ஏறின நஞ்சு!" என்பார். அவருடைய புளிப்புக் கஷாயத்தைக் குடித்துவிட்டுத் துப்பினால் மஞ்சள் வராது. நஞ்சு இறங்கிவிட்டது! கண்ணால் பார்த்த பிறகு மூளைக்கு என்ன வேலை?

தையற்காரரும் பார்த்தார், நம்பினார். அளவு நாடா இல்லாமல் ஒரு காலர்கூட வெட்டாத மனிதர், மனைவியின் உயிரை மட்டும் குத்துமதிப்பாக ஒப்படைத்துவிட்டார். "பிரஷர் மாத்திரைதான் நஞ்சு, நிறுத்துங்க" என்றார் ஐயா. நிறுத்தினார்கள். மனைவிக்குத் தலை சுற்றியது. "நஞ்சு இறங்குறப்போ சுத்தத்தானே செய்யும்" என்றார் ஐயா. நேற்று அடுப்பருகே சரிந்தவளை அவள் தங்கைதான் ஓடிவந்து தாங்கிப் பிடித்தாள். தங்கைக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை.

"நாளைக்கு நானும் வரேன், மாமா" என்றாள் அவள். கொழுந்தியாளின் குரலில் இருந்த சூடு தையற்காரருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் அழைத்து வந்தார்.

ஐயா வரிசை எண் சீட்டுக் கட்டை எடுத்தார். கட்டைவிரலை நாக்கில் தொட்டு, ஒவ்வொரு சீட்டாகக் கிழித்துக் கொடுத்தார். மனைவி துப்பினாள். மஞ்சள்.

"இன்னும் நஞ்சு மிச்சம் இருக்கு. மாத்திரை வாடையே படக்கூடாதும்மா."

"ஐயா, நீங்க துப்பினா என்ன நிறம் வரும்?" என்றாள் தங்கை.

"நானா? மழைத்தண்ணி மாதிரி தெளிவா இருக்கும். ஆனா சோதிக்கிறவன் துப்பக்கூடாது. அது விதி."

விதியைப் போட்டவர் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. பெரிய மனிதர்களைப் போய்க் கேட்கலாமா?

"நீங்க துப்பவே வேண்டாம்" என்றாள் தங்கை. "மாமா, உங்க சீட்டைக் குடுங்க."

தையற்காரர் தயங்கினார். பக்கத்தில் மனைவி நெற்றியைப் பிடித்தபடி சுவரில் சாய்ந்திருந்தாள். அதைப் பார்த்ததும் சீட்டை நீட்டினார். பின்னாலிருந்தவர்களும் வேடிக்கை பார்க்கும் ஆசையில் ஆளாளுக்குக் கொடுத்தார்கள். ஐயாவின் விரல் பட்ட முனைகளையெல்லாம் கிழித்து ஒரு கோப்பையில் போட்டாள். கட்டின் அடியிலிருந்து விரல் படாத தாள்களை உருவி இன்னொன்றில் போட்டாள். இரண்டிலும் அதே மருந்தை ஊற்றினாள்.

"மருந்து கெட்டுப்போயிடும்!" என்று எழுந்தார் ஐயா.

"உக்காருங்க சாமி, கெடுதான்னு பாப்போம்" என்றாள் ஒரு முட்டிவலிக்காரி.

காத்திருந்தார்கள். விரல் படாத தாள் கிடந்த கோப்பை தெளிவாக இருந்தது. மற்றது மெல்ல மெல்ல மஞ்சளானது.

கூட்டம் ஐயாவைப் பார்த்தது. ஐயா கண்ணை மூடினார். குரல் தழுதழுத்தது. "உங்க நஞ்சையெல்லாம் நானே வாங்கிக்கிட்டேன், மக்களே!"

என்ன தியாகம்! இரண்டு பேர் உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். தையற்காரருக்கே நெஞ்சு இளகியது.

தங்கை கஷாயத்தை எடுத்து மஞ்சள் கோப்பையில் ஊற்றினாள். அடுத்த நொடி மஞ்சள் போன இடம் தெரியவில்லை.

"கோப்பைக்கும் சீக்கு தீந்துடுச்சு" என்றாள். முட்டிவலிக்காரி வலியை மறந்து சிரித்தாள்.

"அப்ப அந்த மஞ்சள் என்னம்மா?" என்றார் தையற்காரர்.

"சட்டையில பித்தான் தைக்கிறீங்கல்ல மாமா? நம்ம உடம்புச் செல்லுங்களோட மேல்பரப்புல சில என்சைமுங்க அப்படித்தான் மாட்டிட்டிருக்கும். அதைக் கத்தரிச்சு விடறதுக்குன்னே வேற என்சைமுங்க இருக்கு. கத்தரிச்சதும் கழண்டு எச்சில்ல, ரத்தத்துல மிதந்து வரும். அப்படி வந்த ஒண்ணு பட்டா இந்த மருந்து மஞ்சளாகும். எங்க லேப்லயும் இதேதான் வச்சிருக்கோம். புளிப்பு விழுந்தா அந்த மஞ்சள் மறைஞ்சிடும். நோஞ்சானுக்கும் வரும், பயில்வானுக்கும் வரும். அக்காவோட மாத்திரைகூட, ரத்தக்குழாய்ல மாட்டிட்டிருக்கிற இன்னொரு என்சைமை அடக்கத்தான். அதைத்தான் நிறுத்தச் சொன்னாரு இந்த மகான்."

எல்லாரும் மகானைத் தேடினார்கள். நாற்காலி காலி. பின்பக்கப் படிக்கட்டில் செருப்புச் சத்தம் தடதடத்தது.

தையற்காரருக்கு அவமானமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. இன்னும் ஒரு வாரம் போயிருந்தால்? மனைவியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். "இப்பவே டாக்டர்கிட்ட போவோம். என்னைத் திட்டணும்னா வழியெல்லாம் திட்டிக்கோ."

"திட்டறதுக்குத் தெம்பு வரட்டுங்க" என்றாள் அவள்.

அவர்கள் வாசலை அடைவதற்குள் கூட்டம் தங்கையைச் சுற்றிக்கொண்டது. ஒருவர் பயபக்தியோடு கோப்பையை நீட்டினார். "அம்மா, நீங்க எந்தெந்தக் கிழமை பாப்பீங்க?"

தங்கை கோப்பையை வாங்கிக் கவிழ்த்து வைத்தாள்.

"துப்புன்னா துப்புறீங்க, குடின்னா குடிக்கிறீங்க. 'ஏன்'னு கேக்க மட்டும் இத்தனை வாயில ஒண்ணுகூடவா திறக்காது?"