மெர்பாடி

“யாருய்யா இந்த மெர்பாடி?” என்று கேட்டார் மேனேஜர்.

மேசைக்கு முன்னால் முத்திரை நின்றுகொண்டிருந்தான். எந்நேரமும் சட்டைப் பையில் ரப்பர் ஸ்டாம்பு வைத்திருப்பதால் ஆலையில் அவனுக்கு அந்தப் பெயர். தகரம் வெட்டும் ஆலை அது. வெட்டுகிறவர்களுக்குத் தோல் கையுறை தருகிற மூன்று சப்ளையர்களும் ஒப்பந்தத்தில் உள்ளபடி தருகிறார்களா என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை நேரில் போய்ப் பார்த்து அறிக்கை எழுதுவது அவன் வேலை.

“எந்த மெர்பாடி சார்?”

மேனேஜர் கம்ப்யூட்டர் திரையை அவன் பக்கம் திருப்பினார். ஆலைக்குப் புதிதாக ஏ.ஐ. வந்திருந்தது. முத்திரையின் மூன்று வருஷத்து அறிக்கைகளை ஒரே காலையில் படித்து முடித்து, சப்ளையர்களுக்கு மார்க் போட்டு, ஆங்கில எழுத்தில் பட்டியல் கொடுத்திருந்தது. முதலிடத்தில் மெர்பாடி. இருநூற்றுப் பன்னிரண்டு இடங்களில் அந்தப் பெயர் வருகிறதாம். ஒரு புகார் கிடையாது, ஒரு நாள் தாமதம் கிடையாது.

“வெளிநாட்டுக் கம்பெனி மாதிரி இருக்கு. நம்மகிட்ட இப்படி ஒரு பார்ட்டி இருக்குறதே எனக்குத் தெரியாதேய்யா.”

முத்திரை இன்னொரு தரம் எழுத்துக்கூட்டிப் படித்தான். அது மெர்பாடி இல்லை, மேற்படி.

அவன் எழுதியதுதான். முதல் தடவை ஒழுங்காகத்தான் போனான். தோலைத் தடவிப் பார்த்தான், தையலை இழுத்துப் பார்த்தான், கட்டம் கட்டமாக எழுதினான். அடுத்த தடவை மழை. அதற்கடுத்த தடவை முதுகுவலி. அப்புறம் காரணம் தேடுவதையும் விட்டுவிட்டான். தோலின் கனம்: மேற்படி. தையல்: மேற்படி. பார்வையிட்ட இடம்: மேற்படி. கீழே ஒரு ஸ்டாம்பு. அதை மனிதப் பிறவி எதுவும் படித்ததில்லை. படிக்கவென்றே ஒரு மெஷின் வந்து சேரும் என்று யார் கண்டது? வந்த மெஷின் படித்ததோடு நிற்காமல் நம்பியும் தொலைத்துவிட்டது.

அப்போதே சொல்லியிருக்கலாம். ‘சார், நான் எங்கேயும் போகல’ என்று நாலே வார்த்தை.

“பழைய பார்ட்டி சார்,” என்றான்.

மேனேஜர் ஃபோன் நம்பர் கேட்டார். அவர்கள் ஃபோனில் பேச மாட்டார்கள், கூச்ச சுபாவம் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தான். ஒரு கம்பெனிக்கு எப்படிக் கூச்சம் வரும் என்று கேட்பார் என்று பயந்தான். மேனேஜரோ தலையை ஆட்டினார்.

“சரக்கு நல்லா இருக்கிறவன் அதிகம் பேச மாட்டான்யா.”

இரண்டு நாள் முத்திரைக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் ஒரு யோசனை வந்தது. மெர்பாடி மேல் அவனே ஒரு புகார் எழுதினான். தையல் சரியில்லை, தோலும் மட்டம் என்று கொட்டை எழுத்தில் எழுதி ஸ்டாம்பு குத்தி அனுப்பினான். பட்டியலில் சரிந்து கீழே போய்விடும், ஆளை மறந்துவிடுவார்கள்.

மெஷின் அதையும் படித்தது. மூன்று வருஷத்தில் இதுதான் முதல் குறை, அதையும் மறைக்காமல் வெளியே சொன்ன நேர்மையான சப்ளையர் என்று இன்னும் ஐந்து மார்க் போட்டது. அடுத்த வாரமே பழைய சப்ளையர்கள் மூவருக்கும் ‘இனி வேண்டாம்’ என்று கடிதம் போனது. வருகிற திங்கட்கிழமையிலிருந்து கையுறை முழுக்க மெர்பாடியிடம்தான்.

சனிக்கிழமை காலையில் குழாயடியில் முத்திரையின் அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு நின்றான். அதே ஆலையில் வெட்டு மெஷினில் இருக்கிறவன். வலது கையில் பழந்துணி சுற்றியிருந்தது.

“பட்டனைப் போட்டு விடுடா.”

“கையில என்னண்ணே?”

“தகரம் கிழிச்சிடுச்சு. புதுசு வருது, பழசு கிடையாதுன்னு ஸ்டோர்ல கையுறைய நிறுத்திட்டான். துணியைச் சுத்திக்கிட்டுத்தான் வெட்டுறோம்.”

முத்திரை பட்டனைப் போட்டான். ஒன்று துளை மாறி விழுந்தது. அவிழ்த்து மறுபடி போட்டான். முத்திரையும் முன்னால் அந்த மெஷினில் நின்றவன்தான். தம்பியை ஆபீஸ் வேலைக்கு மாற்றச் சொல்லி மேஸ்திரி காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சியவன் இந்த அண்ணன். எங்க வீட்ல ஒருத்தன் கையாவது முழுசா இருக்கட்டும் என்று கேட்டானாம்.

“அந்த மெர்பாடி கையுறை நல்லா இருக்குமாடா? நீ போய்ப் பார்த்திருப்பியே.”

“நல்லா இருக்கும்ணே.”

“நீ பார்த்தா சரியாத்தான் இருக்கும்,” என்று சொல்லிவிட்டு அண்ணன் கிளம்பிப் போனான்.

நாலு பேர் நடுவில் நிற்கவைத்துச் செருப்பால் அடித்திருந்தாலும் அவனுக்கு அவ்வளவு உறைத்திருக்காது.

பத்து மணிக்கு முதலாளி அறையில் கூட்டம். முதலாளி, மேனேஜர், பேசுவதைக் குறிப்பெடுக்க டைப்பிஸ்ட் பெண், ஓரத்தில் முத்திரை. மெர்பாடிக்கான ஆர்டர் மேசை மேல் இருந்தது. முதலாளி பேனாவைத் திறந்தார்.

“ஆளை நேர்ல பார்த்தாச்சா?”

“எல்லாம் ஆச்சு சார்,” என்றார் மேனேஜர். எதைக் கேட்டாலும் அவர் சொல்கிற பதில் அதுதான்.

முத்திரை எழுந்தான். எழுந்த பிறகுதான் தான் எழுந்துவிட்டது அவனுக்கே தெரிந்தது.

“ஐயா, கையெழுத்துப் போடாதீங்க. மெர்பாடின்னு யாருமே இல்லை. அது மேற்படி. நான்தான் எழுதினேன். மூணு வருஷத்துல முதல் தடவை போனதோட சரி, அப்புறம் நான் எந்த சப்ளையர்கிட்டயும் போகல.”

முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். மேற்படி, மேற்படி என்று இரண்டு தரம் மெல்லச் சொல்லிப் பார்த்தார்.

“என்னை அனுப்பிடுங்க ஐயா. ஆனா பழைய ஆளுங்களை இப்பவே கூப்பிட்டுக் கையுறைய வாங்கிடுங்க. கீழ துணியைச் சுத்திக்கிட்டு வெட்டுறாங்க.”

முதலாளி முதலில் ஃபோனை எடுத்தார். வெட்டு மெஷினையெல்லாம் நிறுத்து, கையுறை வந்த பிறகு ஓட்டினால் போதும் என்று கீழே சொல்லிவிட்டு வைத்தார்.

முத்திரைக்குக் காது மடல் எரிந்தது. தரையையே பார்த்துக்கொண்டு நின்றான். மேனேஜர் இந்நேரம் காட்டுக் கத்தல் கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. ஓரக்கண்ணால் பார்த்தான். அவர் முகம் வெளிறிப்போய், தண்ணீர் இல்லாத டம்ளரை வாயில் வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தார். தன்னை நம்பின மனுஷன், தனக்காக இப்படி நொந்துபோகிறாரே என்று முத்திரைக்கு மானம் இன்னொரு தரம் போனது.

டைப்பிஸ்ட் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டு, தன் கோப்பைப் புரட்டி ஒரு தாளை எடுத்தாள்.

“சார், ஒரு சந்தேகம்,” என்றாள் மேனேஜரிடம். “போன வாரம் நீங்க மெர்பாடி ஃபேக்டரிக்கே போய், ரெண்டு நாள் தங்கி, அவங்க ஓனரோட உட்கார்ந்து பேசிட்டு வந்ததா ஒரு ரிப்போர்ட் டைப் பண்ணச் சொன்னீங்களே, இதை என்ன சார் பண்றது?”