ஊதா மாட்டைக் காணவில்லை

மாடு காணாமல் போவது உலகத்தில் புதிதல்ல. ஆனால் பட்டப்பகல் இரண்டே கால் மணிக்கு, ஷட்டர் பாதி இறக்கிய கடைக்குள், ஒருவருடைய உள்ளங்கையிலிருந்து நாற்பத்தொரு மாடுகள் ஒரே நொடியில் காணாமல் போனது எங்கள் ஊரில் அதுதான் முதல் தடவை. ஆகவே அதை முறைப்படி எழுதிவைப்பது கடமையாகிறது.

மாடுகளுக்குச் சொந்தக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஊருக்கே அவர் கண்ணாடிக்கார அக்கா. வயது ஐம்பத்திரண்டு. கடுகை விடச் சின்ன திருகாணி தரையில் விழுந்தாலும் நாற்காலியை விட்டு எழாமலே அது எங்கே கிடக்கிறது என்று சொல்லிவிடுவார். கடையில் லென்ஸ் தேய்க்கும் இயந்திரம் ஒன்று, எழுத்துப் பலகை ஒன்று, கழுத்து ஆடும் மின்விசிறி ஒன்று. கைபேசியில் ஒரு பண்ணை விளையாட்டு.

அந்தப் பண்ணையை நான்கு வருடமாக ஒருநாள் விடாமல் நடத்திவந்தார். அதற்குப் பரிசாகக் கிடைத்ததுதான் ஊதா மாடு. ஆனால் அவர் விளையாடியது மாட்டுக்காக அல்ல, தங்கச்சிக்காக.

அக்காவும் தங்கச்சியும் பேசி மூன்று வருடம் ஆகிறது. அம்மாவின் பீரோ யாருக்கு என்பதில் வந்த சண்டை. இரண்டு பேருமே வாயை அளந்து திறக்கிறவர்கள் இல்லை. பீரோ ஒருத்தி வீட்டுக்கும் அதன் சாவி இன்னொருத்தி வீட்டுக்கும் போனதோடு பேச்சு நின்றது. ஆனால் விளையாட்டில் தங்கச்சியின் பண்ணை பக்கத்துப் பண்ணை. தினமும் காலையில் யாரோ அக்காவின் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சியிருப்பார்கள். மத்தியானம் அக்கா ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் போய்த் தங்கச்சியின் கோழிகளுக்குத் தீனி போடுவார். இதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசினால்தான் சண்டை வந்துவிடுமே.

அப்படி ஒரு மத்தியானம், கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தபோது விளையாட்டுக்குள்ளேயே ஒரு கடிதம் வந்தது.

"மதிப்பிற்குரிய பண்ணையாளர் அவர்களுக்கு! தங்களது அயராத உழைப்பைப் பாராட்டி ஐயாயிரம் வைரங்கள் இலவசமாக வழங்கப்படுகின்றன. தற்போது தங்கள் கைபேசிக்கு வரும் ஆறு எண்களைத் தயைகூர்ந்து அனுப்பிவைக்கவும்."

இருபத்திரண்டு வருடமாகக் கடை நடத்துகிறார். 'அயராத உழைப்பு' என்று ஒரு வாடிக்கையாளர் சொன்னதில்லை, வீட்டுக்காரர் சொன்னதில்லை. அக்கா நெகிழ்ந்து போனார். ஆறு எண்கள் வந்தன. அவற்றுக்குக் கீழேயே 'இந்த எண்களை யாரிடமும் சொல்லாதீர்கள்' என்று பொடி எழுத்தில் இருந்தது. ஊரார் பொடி எழுத்தைப் படிப்பதற்காகக் கடை வைத்திருந்த அக்கா அதை மட்டும் படிக்கவில்லை. அனுப்பினார். விளையாட்டு அவரை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டது.

மறுநாள் காலை அக்கா மூன்று மாடி ஏறி, 'இணையவழி விளையாட்டு மோசடிகள் விழிப்புணர்வு மற்றும் தடுப்புப் பிரிவு' என்ற அலுவலகத்துக்குப் போனார். பெயர்ப்பலகை வாசலை விட நீளமாக இருந்ததால் கடைசி இரண்டு வார்த்தைகள் பக்கத்துச் சுவரில் மடங்கியிருந்தன. அச்சு இயந்திரம் வாங்கிவந்த உறையோடு மேசையில் இருந்தது. எழுத்தர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன காணோம்?"

"என் கேம் கணக்கு சார். அதுல நாப்பத்தொரு மாடு இருந்துச்சு."

எழுத்தர் பேனாவை மூடினார். "மாடுன்னா கால்நடைப் பிரிவு. கீழ் மாடி."

"சார், இது போன்ல இருந்த மாடு."

"எங்க இருந்தா என்னம்மா? மாடு மாடுதானே?"

கால்நடைப் பிரிவில் ஒரு படிவம் கொடுத்தார்கள். கொம்பின் நீளம், காதில் அடையாள வில்லை உண்டா, கடைசியாக எப்போது கன்று போட்டது. நிறம் என்ற இடத்தில் அக்கா 'ஊதா' என்று எழுதினார்.

"எங்க பட்டியல்ல ஊதா இல்லம்மா. பழுப்புன்னு போட்டுக்கலாமா? ஆனா கண்டுபிடிச்சா பழுப்பு மாடுதான் தருவோம். அப்புறம் வந்து சண்டை போடக்கூடாது."

இரண்டு நாள் அலைந்து, 'மேற்படி மாடு உயிருள்ள மாடு அல்ல எனச் சான்றளிக்கப்படுகிறது' என்று முத்திரை வாங்கிக்கொண்டு அக்கா மீண்டும் மூன்று மாடி ஏறினார். இந்தத் தடவை அதிகாரியே பார்த்தார். நாற்காலி முதுகில் துண்டு போட்டிருந்த பெரிய அதிகாரி.

"சரி. உரிமையாளர்தான் புகார் கொடுக்க முடியும். நீங்கதான் உரிமையாளர்னு நிரூபிக்கணும். கணக்கைத் திறந்து காட்டுங்க."

"திறக்க முடிஞ்சா நான் ஏன் சார் இங்க வரேன்?"

"திறக்க முடியலையா?"

"முடியல சார். அதானே புகாரே!"

"அப்போ நீங்க உரிமையாளர் இல்லையேம்மா."

"சார், இப்ப அதைத் திறக்கிறவன் திருடன்!"

அதிகாரி நிதானமாகச் சொன்னார்: "திறக்கிறவர்தான் உரிமையாளர். அவருக்கு ஏதாவது காணாமப் போயிருந்தா அவர் வந்து சொல்லட்டும், உடனே நடவடிக்கை எடுக்கிறோம்."

அக்கா அழுகிற நிலைக்கு வந்ததைப் பார்த்து அதிகாரிக்கே மனம் இளகிவிட்டது. கருணையின் அடிப்படையில் இருதரப்பு விசாரணைக்கு உத்தரவிட்டார். 'தற்போதைய பண்ணையாளர் அவர்களுக்கு' என்று, விளக்கம் கேட்டு அந்தக் கணக்குக்கே ஒரு கடிதம் போனது.

அந்த அலுவலகம் தொடங்கிய நாள் முதல் அனுப்பிய எந்தக் கடிதத்துக்கும் பதில் வந்ததில்லை. இதற்கு நான்கே நிமிடத்தில் வந்தது. தேதி, பொருள், பார்வை எல்லாம் இருந்தன. இடப்பக்கம் ஓரம் விட்டிருந்தது. ஊதா மாட்டின் படம் மூன்று கோணங்களில் இணைக்கப்பட்டிருந்தது. எழுத்தர் உரக்கப் படிக்கப் படிக்க அதிகாரியின் கண் கலங்கியது.

"இருபத்தாறு வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு பதில் பாத்ததில்ல. இவரைப் பாத்துக் கத்துக்கோங்கம்மா. உங்க மனுவைப் பாருங்க, ஓரமே விடல."

எழுத்தர் கடைசி வரிக்கு வந்தார். "'மேலும், பக்கத்துப் பண்ணையில் உள்ள என் அன்புத் தங்கைக்கும் இன்றே வைரங்கள் வழங்க ஏற்பாடு செய்து வருகிறேன் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.'"

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாடு போனது போகட்டும். திருடன் அக்கா வேஷத்தில் தங்கச்சி வாசலில் நிற்கிறான்.

"சார், என் தங்கச்சிக்கு உடனே எச்சரிக்கை அனுப்புங்க சார்!"

"அனுப்பலாம். அவங்க சம்மதம் எழுத்துமூலமா வேணும்."

"எதுக்குச் சம்மதம்?"

"எச்சரிக்கிறதுக்கு."

"எச்சரிக்கை தேவைன்னே அவளுக்குத் தெரியாதே சார்!"

"அதுக்குத்தான் நாங்க ஒரு எச்சரிக்கை அனுப்புவோம். சம்மதம் வந்ததும்."

அக்கா எழுந்து வெளியே வந்தார். தாழ்வாரத்தில் உடைந்த நாற்காலிகளுக்கு நடுவே நின்று, மூன்று வருடமாகத் தொடாத எண்ணை அழுத்தினார். மனப்பாடமாகத்தான் இருந்தது. மணி அடிக்க அடிக்க, கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டார். திருடனுக்குப் பயந்தா, தங்கச்சிக்குப் பயந்தா என்று அவருக்கே தெரியவில்லை.

"யாரு?" என்றது தங்கச்சியின் குரல்.

"நான்தான். அக்கா. ஏய், அந்த ஆறு நம்பரை அனுப்பிடாதே. அது நான் இல்ல!"

"இப்பத்தான் அக்கா கேம்ல பேசிக்கிட்டிருந்தா. நீ யாரு?"

"அவன் திருடன்டி!"

"திருடன்தான் அடுத்தவனைத் திருடன்னு சொல்வான். நீ அக்காதான்னா சொல்லு. கடைசியா அக்கா என்னை என்ன சொல்லித் திட்டினா?"

தாழ்வாரத்தில் இரண்டு பேர் கோப்போடு போய்க்கொண்டிருந்தார்கள். அக்கா குரலைத் தாழ்த்தினார். "'உன் மூஞ்சியைப் பாத்தா பால் பொங்காது, திரிஞ்சு போகும்'னு சொன்னேன்."

"அதுக்கு நான் என்ன சொன்னேன்?"

"'உன் வாயைத் தச்சுவிடத் தையல்காரன் பத்தாது, செருப்புத் தைக்கிறவர்தான் வரணும்'னு சொன்னே."

"அப்புறம்?"

"அப்புறம் ரெண்டு பேரும் அழுதோம். நீ சமையல்கட்டுல, நான் குளியலறையில."

இப்போது மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "நீதான். நாலு நம்பர் அடிச்சிட்டேன்க்கா. அஞ்சாவது அடிக்கும்போது நீ கூப்பிட்டே."

"ஏன்டி, நீ கெட்டிக்காரியாச்சே! நம்பரைக் கேட்டா சந்தேகம் வராதா?"

"வந்துச்சு. என்னைக்காவது நீ என்னை 'அன்புத் தங்கையே'ன்னு கூப்பிட்டிருக்கியா? அப்பவே பொய்னு தெரிஞ்சிருச்சு. ஆனா மூணு வருஷம் கழிச்சு அன்பா பேசுறியே, அதைக் கெடுப்பானேன்னுதான் அடிச்சேன்."

அன்றைக்கு அலுவலகத் தாழ்வாரத்தில் அவர் முக்கால் மணி நேரம் நின்றார். பாதி நேரம் அழுகை, பாதி நேரம் பீரோவைப் பற்றிய புதுச் சண்டை.

தங்கச்சிதான் வழி சொன்னாள். விளையாட்டுக்குள்ளேயே இருக்கும் உதவிப் பகுதிக்குத் தன் கைபேசியிலிருந்து போய், அதை நடத்துகிற நிறுவனத்துக்கே நேராக எழுதினாள். அக்கா முதன்முதலில் கணக்குத் தொடங்கிய தேதி, பழைய மின்னஞ்சல், எந்தக் கைபேசி என்று எல்லாம் கேட்டார்கள். கடவுச்சொல்லைக் கேட்கவில்லை, ஆறு எண்களைக் கேட்கவில்லை. ஒன்பதாம் நாள் பண்ணை திரும்பி வந்தது. முப்பது மாடுகள் மிச்சம், ஊதா மாடு உட்பட. புதுக் கடவுச்சொல் போட்டு, இரண்டாவது பூட்டாக இரட்டைச் சரிபார்ப்பும் போட்டாயிற்று. வைரமோ வெள்ளியோ, வேண்டுமென்றால் விளையாட்டின் சொந்தக் கடையில் மட்டும், யார் வந்து வலிய நீட்டினாலும் வேண்டாம் என்று அக்கா கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

ஊர் சிரித்தது. படித்தவர்கள் அதிகமாகச் சிரித்தார்கள். "வைரம் இலவசமாம், இந்தம்மா நம்பினாங்களாம்!" என்று வங்கியில் சிரித்தார்கள், பள்ளியில் ஆசிரியர்கள் அறையில் சிரித்தார்கள். அவருக்கு 'ஆறு நம்பர் அக்கா' என்ற புதுப் பெயரும் வந்தது.

இதற்கிடையில், பண்ணையை இழந்த அந்தக் கண்ணியமான பண்ணையாளர் அலுவலகத்தை மறக்கவில்லை. அதிகாரியின் சீரிய பணியைப் பாராட்டி ஒரு கடிதம் எழுதினார். ஊருக்கெல்லாம் எச்சரிக்கை அனுப்புகிற பிரிவின் தகவல் பக்கத்துக்கு 'நம்பகமான அலுவலகம்' என்ற தங்க முத்திரை வழங்கப்படுவதாகவும், அதற்கு ஆறு எண்கள் மட்டும் தேவைப்படுவதாகவும் பணிவுடன் தெரிவித்தார். எழுத்தர் அனுப்பப் போனார். அதிகாரி தடுத்தார். ஆறு எண்களைக் கையாளும் அதிகாரம் எழுத்தருக்குக் கிடையாது என்று சுட்டிக்காட்டி, தாமே அனுப்பினார்.

திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு ஊரில் எல்லாருடைய கைபேசிக்கும் அந்தப் பிரிவிலிருந்து அறிவிப்பு வந்தது. அதுவரை அந்தப் பிரிவு வெளியிட்ட எச்சரிக்கைகள் பதினான்கு பக்கம் இருக்கும். 'மேற்காண் பொருள் தொடர்பாக' என்று தொடங்கும், அதைத் தாண்டி யாரும் படித்ததில்லை. இது இரண்டே வரி. தெளிவான தமிழ்.

"உங்களை யாராலும் ஏமாற்ற முடியாது என்று சான்றளிக்கிறோம். சான்றிதழ் பெற, இப்போது வரும் ஆறு எண்களை அனுப்புங்கள்."

பன்னிரண்டு மணிக்குள் ஊரில் பாதிப்பேர் கைபேசியில் தங்கள் முகப்புப் படத்துக்குப் பதிலாக அந்தச் சான்றிதழை வைத்துவிட்டார்கள். பொன்னிற ஓரம், நடுவில் பெயர், கீழே 'ஏமாறாதவர்', மூலையில் வரிசை எண். மத்தியானத்துக்குமேல் அது இல்லாமல் வெளியே தலைகாட்டுவதே கௌரவக் குறைவாகிவிட்டது. வங்கி மேலாளர் குடும்பத்தோடு வாங்கினார். தலைமையாசிரியர் தமக்கொன்றும் பள்ளிக்கொன்றும் வாங்கினார். முதல் எண் அதிகாரியுடையது. கண்ணாடிக்கார அக்கா மட்டும் கடை வாசலில் நின்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் அனுப்பாதீர்கள் என்று கத்தினார். பாவம், பொறாமை என்று நினைத்துக்கொண்டோம்.

மறுநாள் காலை ஊரில் சான்றிதழ் வாங்கிய ஒருவருடைய கணக்கும் திறக்கவில்லை. விளையாட்டு, மின்னஞ்சல், படங்கள், எல்லாம் போயிற்று. சான்றிதழும் அதற்குள்ளேயே மாட்டிக்கொண்டதுதான் பலருக்குப் பெரிய வருத்தம். நான் மட்டும் முன்யோசனையோடு முதல்நாள் சாயங்காலமே அச்செடுத்து, சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தேன். என் எண் ஆயிரத்து நூற்றுப் பதினேழு. வீட்டுக்கு வருகிறவர்கள் அதன் எதிரில் கொஞ்ச நேரம் நிற்கிறார்கள். பிறகு, தங்களுடைய எண் இதைவிட முன்னால் இருந்தது என்கிறார்கள்.