ஆட்டு எலும்பும் மாட்டு எலும்பும்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் வீட்டுக்குப் பெண் கொடுத்தவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. நான் நலம், உங்கள் மருமகள் நலம். உங்கள் மகனும் நலமாகத்தான் இருப்பார். ஒரே வீட்டில் இருந்தும் என்னோடு பேசுவதில்லை என்பதால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

விஷயம் அந்த எலும்புதான். மண்ணைத் தோண்டி எடுத்த பழங்கால மிருகங்களின் எலும்புகளை மூன்று நாட்டுக்காரர்கள் சேர்ந்து ஆராய்வது, நம் பங்கை மாப்பிள்ளை பெட்டியில் போட்டு வெளிநாட்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவது, சீட்டை அவரவர் மொழியில் எழுதுவது, படித்துச் சொல்ல அங்கே ஆள் வைத்திருப்பது என்று ஒப்பந்தம். நீங்கள் வந்திருந்தபோது நம் இருவரையும் சீட்டு ஒட்டச் சொன்னாரே, அந்தப் பெட்டிகள்தான். அவர் எழுதி வைத்ததோ ‘ஆடு எலும்பு’, ‘மாடு எலும்பு’. ஆயுள் முழுக்க அச்சகத்தில் பிழை திருத்திய கை இது, சும்மா இருக்குமா? நீங்கள் குட்டித்தூக்கம் போட்ட நேரத்தில் புதுச் சீட்டு வெட்டி, ‘ஆட்டு எலும்பு’, ‘மாட்டு எலும்பு’ என்று இலக்கணப்படி எழுதிவிட்டேன். ‘முயல் எலும்பு’ சரியாக இருந்ததால் தொடவில்லை.

அங்கே தமிழுக்கு வைத்திருந்த ஆள் அகராதியைப் பார்த்தே தமிழ் கற்றவராம். ‘ஆட்டு’ என்பதைப் படித்ததும், எலும்பை ஆட்டச் சொல்லியிருக்கிறார்கள் என்று மொழிபெயர்த்துவிட்டார். பேராசிரியர்கள் ஆளுக்கொரு பெட்டியைத் தூக்கி ஆட்டு ஆட்டென்று ஆட்டியிருக்கிறார்கள். ‘மாட்டு’ என்றதற்குச் சுவர் முழுக்க ஆணி அடித்து மாட்டிவிட்டார்கள். ‘முயல்’ என்றதும் எதை முயல்வது என்று கூட்டம் போட்டுப் பேசி, கடைசியில் ஒருவர் நக்கிப் பார்த்தாராம். அது மாப்பிள்ளை எழுதிய சீட்டு, அதற்கு நான் பொறுப்பில்லை.

பெட்டிக்குள் எல்லாம் நொறுங்கிக் கிடக்கிறது என்று தகவல் வந்ததும் மாப்பிள்ளை குதித்தார். “யாரு மாமா சீட்டை மாத்தினது? கூட்டு ஆராய்ச்சியே போச்சு, என் வேலையும் போகப்போகுது!” என்றார். “உங்க அப்பாவும் கூட இருந்தாரே மாப்ளே” என்று மட்டும் சொன்னேன். பொய்யில்லையே, இருந்தீர்களே! என் பெண்ணோ, “அப்பா, நீங்கதானே? ஒத்துக்கோங்க” என்று என்னையே முறைக்கிறாள்.

சம்பந்தி, காலைப் பிடித்துக் கேட்கிறேன், எழுதியது நீங்கள்தான் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பெற்ற அப்பாவிடம் பிள்ளை எத்தனை நாள் கோபப்படுவான்? மாமனார் மேல் வந்த கோபம் என்றால் பேரன் காலம் வரை போகும். சீட்டெல்லாம் கடல் தாண்டிவிட்டதால் கையெழுத்தைப் பார்க்கவும் வழியில்லை.

சம்பந்தியம்மாவின் மூட்டுவலி சீக்கிரம் குணமாகட்டும். எலும்பு என்று வாயெடுக்கவே பயமாக இருப்பதால் அதற்கு மேல் விசாரிக்கவில்லை. குழந்தைகளுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
உங்களையே நம்பியிருக்கும் சம்பந்தி

பி.கு.: மேலே எழுதியதை உடனே கிழித்துப் போடவும். நொறுங்கியது எலும்பில்லையாம், அதில் அப்பியிருந்த மண்ணாம். ஆட்டியதில் அது உதிர்ந்து, எலும்பின் மேல் பழங்காலத்து மனிதர்கள் போட்ட கத்தி வெட்டு பளிச்சென்று தெரிகிறதாம். இதைத் தமிழ் முறை என்று மூன்று நாடும் கொண்டாடி, சீட்டு எழுதியவரை நேரில் அழைத்து மாலை மரியாதை செய்யப்போகிறார்களாம். “அப்பாவுக்கு டிக்கெட் போட்டுடவா மாமா?” என்று மாப்பிள்ளை கேட்கிறார். சம்பந்தி, நீங்கள் அன்றைக்குத் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். தயவுசெய்து உண்மையைச் சொல்லுங்கள்.