டயர் ஜாதகம் பார்த்த தராசு

மூணாங்கிளாஸோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். அந்த நான்தான் பெரம்பலூரில் சின்ன வெங்காய மண்டி வைத்தேன். மழை கொட்டித் தீர்த்த வருஷம் ஊர் வெங்காயமெல்லாம் அழுகி நாறியபோது, என் பட்டறையில் அடுக்கி மூடிவைத்திருந்த வெங்காயம் மட்டும் கூழாங்கல் மாதிரி கலகலவென்று கிடந்தது. பாடாலூரில் காடு வாங்கினேன். "அங்க தண்ணி வராது" என்றார்கள். கிணறு வெட்டினேன், வந்தது. மாடி வீடு கட்டினேன். இன்ஜினியர் கிடையாது, பிளான் கிடையாது, எல்லாம் என் மண்டைதான். மாடிப்படி மட்டும் கொஞ்சம் செங்குத்தாக அமைந்துவிட்டது. ஏறுகிறவர்கள் சாமியை நினைத்துக்கொண்டு ஏறுகிறார்கள், அந்தப் புண்ணியமும் எனக்குத்தான். கடைசியாக, ஏழு பேர் உட்காருகிற கார் ஒன்று வாங்கினேன். வெள்ளைக் கலர்.

இத்தனையையும் ஒற்றை ஆளாகத் தூக்கி நிறுத்திய என்னைப் பார்த்து, "இதுக்கு மேல ஏத்தக்கூடாது" என்று சொல்லும் தைரியம் பெரம்பலூர், அரியலூர் இரண்டு ஜில்லாவிலும் ஒரே ஒரு ஜீவனுக்குத்தான் இருந்தது. அது என் டிரைவர் தராசு.

அவனுக்கு வூட்டில் வைத்த பேர் ஏதோ ஒன்று இருக்கும். லைசென்சைப் பார்த்தால் தெரியும். யார் பார்த்தார்கள்? ஆளைப் பார்த்ததும் கிலோ சொல்லுவான், அதனால் தராசு. மற்ற டிரைவர்கள் வண்டியில் ஏற வருகிறவர்களுக்கு வணக்கம் சொல்லுவார்கள். இவன் எடை சொல்லுவான்.

"சார் எம்பத்தி மூணு. பின்னாடி நடுவுல உக்காருங்க. அம்மா அறுவத்தெட்டு, பையோட எழுவத்தொண்ணு. பையி மடியிலயா, கீழயா?"

ஒரு தடவை எங்களோடு வாலிகண்டபுரம் கோயிலுக்குப் போக வந்த ஒரு அம்மாவிடம் "எழுவத்தஞ்சு" என்றுவிட்டான். அந்த அம்மா நேராக மண்டிக்குள் போய், மூட்டை போடுகிற எடை மெஷினில் ஏறி, எழுபதுகூட இல்லை என்று நிரூபித்துவிட்டு, இறங்கி வந்து குடையால் அவன் முதுகில் ஒன்று வைத்தார். முதுகைத் தடவிக்கொண்டே என்னிடம் சொன்னான்:

"தப்பு எம்மேலதாண்ணே. குடையையும் சேத்துப் பாத்துட்டேன்."

அவன் எடை என்ன என்று மட்டும் கேட்கக்கூடாது. அரிசி மூட்டைக்குக் காக்கிச் சட்டை போட்டது மாதிரி இருப்பான். அவன் ஏறி உட்கார்ந்தால் என் கார் வலது பக்கமாக ஒரு கும்பிடு போட்டு நிமிரும். கேட்டால் பதில் தயாராக இருக்கும்: "டிரைவரு கணக்குல வர மாட்டான்ணே. ஸ்டேரிங்கு எவ்ளோ வெயிட்டுன்னு யாராச்சும் கேக்கறாங்களா?"

காலையில் வண்டி நகருவதற்கு முன்னால் டயர் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்துவிடுவான். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் காற்று அளக்கிற கேஜ் இருக்கும். ஓடி வந்த வண்டிக்குப் பார்க்க மாட்டான், ராத்திரி முழுக்க நின்று ஆறிய டயருக்குத்தான் பார்ப்பான். ஒருநாள் எனக்கும் பாடம் எடுத்தான்.

"இங்க பாருங்கண்ணே, டயரோட ஜாதகம். இந்த நாலு நம்பரு பொறந்த தேதி. மொத ரெண்டு எத்தனாவது வாரம், அடுத்த ரெண்டு எந்த வருஷம்."

"நம்ம ஊர்ல பாதிப் பேருக்குப் பொறந்த வருஷமே தெரியாது. டயருக்கு வாரம் வரைக்குமாடா?"

"இந்தா, தொண்ணூத்திரெண்டு. இது அது சொமக்கற லோடு."

"தொண்ணூத்திரெண்டு கிலோவா? அடப்பாவி, எங்க பூலாம்பாடி அத்தை ஒரு ஆளே தாண்டுமே!"

"கிலோ இல்லண்ணே, அது குறி. அந்தக் குறிக்கு ஒரு டயரு அறுநூத்தி முப்பது கிலோ சொமக்கும். பக்கத்துல இருக்கற எழுத்து வேகத்துக்கு. மணிக்கு இரநூத்திப் பத்து வரைக்கும் தாங்கும்."

அரியலூர் ரோட்டில் சிமெண்டு லாரிக்குப் பின்னால் போகிறவனுக்கு இருபத்தொன்று போதும் என்றேன். சிரிக்கவில்லை. டயர் விஷயத்தில் அவன் சிரிக்க மாட்டான்.

நாலு டயருக்கு இரண்டாயிரத்து ஐநூறு கிலோ ஆயிற்றே, அப்புறம் ஏன் நாலு மூட்டை ஏற்றினால் முகத்தைத் தூக்குகிறாய் என்று மடக்கினேன். வெங்காயக் கணக்கு போடுகிறவனை ஏமாற்ற முடியுமா?

"அதுல வண்டியோட சொந்த வெயிட்டே பெரும்பாதி போயிருதுண்ணே. அப்பறம் டயரு தாங்குனா போதுமா? ஸ்பிரிங்கு தாங்கணும், பிரேக்கு தாங்கணும். வண்டிக்குன்னு கம்பெனிக்காரன் தனியா ஒரு லிமிட்டு வெச்சிருக்கான். ஏழு சீட்டுலயும் ஏழு பேரு உக்காந்தாலே அது முடிஞ்சிச்சு. அதுக்கு மேல ஒரு அண்டா ஏத்துனாலும் ஓவருதான்."

இந்த அண்டாவில்தான் என் மானம் மாட்டிக்கொண்டது.

என் தங்கச்சியை உடையார்பாளையத்தில் கட்டிக் கொடுத்திருந்தேன். நடுவில் ஏதோ ஒரு பேச்சில் அவள் புருஷனுக்கும் எனக்கும் முட்டிக்கொண்டு, இரண்டு வருஷம் போக்குவரத்தே இல்லை. அவள் மகளுக்குக் கல்யாணம் வந்தது. எங்கள் பக்கத்தில் தாலி ஏறுவதற்கு முன்னால் தாய்மாமன்தான் பொண்ணு நெற்றியில் பட்டம் கட்டணும். தங்கச்சி தனியாக பஸ் ஏறி மண்டிக்கே வந்து நின்றாள்.

"அண்ணே, நீ கட்டுனாத்தான் எம்பொண்ணுக்குப் பட்டம். நீ வரலன்னா எங்க வூட்டுக்காரரு பக்கத்துல ஒண்ணுவிட்ட மாமா ஒருத்தரு ரெடியா நிக்கறாரு. 'ஒங்கண்ணனுக்காக நல்ல நேரம் நிக்குமா'ன்னு கேக்கறாங்க."

தாய்மாமன் நான் உயிரோடு இருக்க, ஒண்ணுவிட்டவன் கட்டுவானா? இதற்குமேல் பட்டத்தை விட்டால் தங்கச்சியையும் விட்ட மாதிரிதான். சீர் சாமான் வாங்கிக் குவித்தேன். அண்டா, குத்துவிளக்கு, தாம்பாளங்கள், அரிசி மூட்டை, எங்கள் ஊர்ப் பெருமை சின்ன வெங்காயம் ஒரு மூட்டை. அத்தனையும் ஏற்ற ஒரு குட்டி யானை வண்டி பேசியிருந்தேன்.

கல்யாணத்தன்று காலையில் குட்டி யானை வரவில்லை. கியர் பாக்ஸ் போய்விட்டதாம். பெரிய முகூர்த்த நாள், ஊரில் வேறு ஒரு வண்டி சும்மா இல்லை.

"எல்லாத்தையும் நம்ம கார்ல ஏத்துடா" என்றேன்.

ஆட்கள் ஆறு பேர். நான், என் சம்சாரம், பூலாம்பாடி அத்தை, சித்தப்பா, சித்தி, அத்தை மகள். தராசு ஏழாவது. அவன் சீர் சாமானைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான், மண்டிக் கதவைத் திறந்தான்.

"எல்லாரும் மெஷின்ல ஏறுங்க."

"நான் என்ன வெங்காய மூட்டையாடா?" என்றாள் அத்தை.

"மூட்டைன்னா நானே தூக்கி வெச்சிருப்பேன் அத்தை. நீங்கங்கறதாலதான் ஏறச் சொல்றேன்."

பட்டுப்புடவையும் நகையுமாக என் சொந்தபந்தம் வெங்காயத் தராசில் வரிசையில் நின்ற அழகை என்னவென்று சொல்ல! "வேட்டி எடையக் கழிச்சுக்கடா" என்றார் சித்தப்பா. சித்தி மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு ஏறினாள், இழுத்தால் எடை குறையும் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. சீர் சாமானையும் போட்டுக் கூட்டிப் பார்த்துவிட்டுத் தராசு உதட்டைப் பிதுக்கினான்.

"ரெண்டு மூட்டையும் எறங்கணும். கூட நல்லா வெயிட்டா ஒரு ஆளு எறங்கணும்."

"நான் எறங்கமாட்டேன். எறக்குனா அந்தக் கல்யாணத்துக்கே வரமாட்டேன்" என்றார் சித்தப்பா. மற்றவர்களும் அதையே சொன்னார்கள்.

"ஒரு நாளைக்குத்தானடா" என்றேன்.

"டயருக்கு முகூர்த்த நாளு தெரியாதுண்ணே. லோடு மிஞ்சுனா நசுங்கி நசுங்கிச் சூடேறும், வெடிச்சிரும். அப்பறம் பட்டம் கட்ட முடியாது, நமக்குத்தான் கட்டுப் போடணும்."

"வண்டிக்கு நான் ஓனரா, நீ ஓனரா?"

"நீங்கதாண்ணே ஓனரு. சாவி எங்கிட்ட இருக்கு."

நேரம் ஓடுகிறது. அப்போது பூலாம்பாடி அத்தை, அறுபது வருஷ நாத்தனார் சண்டைகளை ஜெயித்த அந்த மகராசி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்:

"எல்லாரையும் நிறுத்துனியே தராசு. நீ ஏறுடா பாப்போம்."

அவன் முகம் சுருங்கிவிட்டது. மெதுவாக ஏறினான். சிவப்பு நம்பர் மளமளவென்று ஓடி, நூற்றைத் தாண்டி, நூற்றிப் பதினெட்டில் வந்து நின்றது. அவனே அதைக் கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தான். பிறகு இறங்கி, சாவியை என் கையில் வைத்தான்.

"நீங்க ஓட்டுங்கண்ணே. நான் மூட்டை ரெண்டையும் தூக்கிக்கிட்டு பஸ்ல வரேன்."

நான் ஸ்டேரிங் பிடித்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் ஒரு காலத்தில் வெங்காய லாரியைக் கோயம்பேடு வரைக்கும் ஓட்டியவன் நான். உட்கார்ந்தேன். அவன் கதவோரம் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்து, முழு லோடுக்குப் போட்டிருந்தபடி பின் டயருக்கு முப்பத்தாறு காற்று ஏற்றினான். அண்டாவை உள்ளே கீழே வைத்து, தாம்பாளத்தை மட்டும் மேலே கேரியரில் கட்டினான்.

"அறுவதுக்கு மேல போவாதீங்க. வளைவுல ஒடிச்சுத் திருப்பாதீங்க. போயிட்டு வாங்க."

அறுபதா? அரியலூர் போவதற்குள் சுண்ணாம்புக்கல் லாரிகள் என்னை நாற்பதில் உருட்டின. ஊருக்குள் நுழைந்ததும் சித்தப்பா பின் ஜன்னலில் தலையை நீட்டிப் பார்த்துவிட்டுக் கத்தினார்.

"டயரு விம்மிருக்கு பாரு! வெயிலுக்குக் காத்து பெருகும், கொஞ்சம் எறக்கு. எங்க காலத்துல டிராக்டருக்கே எறக்கிட்டுத்தான் எடுப்போம்."

பங்க்சர் கடையில் நிறுத்தினேன். கடைக்காரர் கேஜை வைத்துப் பார்த்தார். "முப்பத்தாறு இருக்கணும்னு சொல்றீங்க. நாப்பது காட்டுது சார். நாலு எறக்கிடவா?"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. தலையை ஆட்டப்போன நேரத்தில், நெரிசலில் வந்து நின்ற ஜெயங்கொண்டம் பஸ்ஸின் ஜன்னலிலிருந்து ஒரு கர்ஜனை.

"தொடாதீங்க! அது ஓடுன சூடு! ஆறுனா தானா எறங்கும்! இப்பப் புடுங்குனா அப்பறம் கம்மியாப் போயிரும்!"

ஜன்னல் முழுக்கத் தராசு. கடைக்காரர் டயரிலிருந்து கையை எடுத்துவிட்டார். தராசுக்குப் பின் சீட்டில் இருந்த ஒரு அம்மா, எங்களை முன்னே பின்னே பார்த்திராதவர், எழுந்து நின்று சேர்ந்துகொண்டார்: "எறக்காதய்யா! அவருதான் சொல்றாருல்ல!" கண்டக்டர், "யோவ், ஒடம்ப உள்ள இழுய்யா!" என்று விசில் ஊத, பஸ் எங்களைத் தாண்டிப் போயே விட்டது. சித்தப்பா அதற்கப்புறம் உடையார்பாளையம் வரை தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டே வந்தார்.

மண்டபத்துக்குப் போகும்போது முகூர்த்தம் நெருங்கிவிட்டது. உள்ளே மேளச் சத்தத்தையே காணோம். எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. ஓடினேன்.

மேடைப் படியில், குறுக்கே, தராசு நிற்கிறான்.

நடந்ததைத் தங்கச்சி பிறகு சொன்னாள். ஒண்ணுவிட்ட மாமா பட்டத்தைக் கையில் எடுத்துவிட்டாராம். அப்போது மூட்டைகளை இறக்கிப் போட்டுவிட்டு மேடைக்கு வந்த தராசு, குனிந்து பலகையைத் தட்டிப் பார்த்து, சத்தமாகக் கேட்டானாம்.

"இந்த மேடை எத்தன கிலோவுக்குக் கட்டுனது?"

பந்தல்காரருக்குத் தெரியவில்லை. யாருக்குமே தெரியவில்லை. அதுவரைக்கும் அந்தக் கேள்வியை உலகத்தில் எந்தக் கல்யாணத்திலும் யாரும் கேட்டதில்லை.

"பொண்ணு அம்பத்திரெண்டு. மாப்ள எழுவத்தாறு. ஐயரு எம்பது. ஓமத்துச் செங்கல்லு தனி. போட்டோக்காரரே, பொட்டியோட எறங்குங்க. மேளக்காரங்க கீழ வாங்க. ஐயா, பட்டத்தோட நிக்கறீங்களே, தொண்ணூத்தி நாலு, மொதல்ல நீங்க எறங்குங்க. நீங்கதான் ஓவர்லோடு."

ஊர் முன்னால் எடை சொன்ன அவமானத்தில் அந்த மனுஷன் பட்டத்தைத் தட்டில் போட்டுவிட்டு இறங்கிவிட்டார். தராசு, பலகை தாங்குகிறதா என்று பார்க்கிறேன் பேர்வழி என்று ஏறி ஏறிக் குதித்துக்கொண்டிருந்தான். நான் வாசலில் தெரிந்ததும் குதிப்பதை நிறுத்தினான்.

"தாங்கும். தாய்மாமன் மட்டும் ஏறலாம். வாங்கண்ணே."

ஏறினேன். கட்டினேன். பட்டம் கொஞ்சம் கோணல் என்று சிலர் சொல்லுகிறார்கள், அது ஸ்டேரிங் பிடித்து வந்த கை, அப்படித்தான் கட்டும். தங்கச்சி என் தோளில் சாய்ந்து அழுதாள். மச்சானே வந்து, "சாப்பிடப் போலாம் வாங்க மச்சான்" என்று கையைப் பிடித்தார்.

பந்தியில் பார்த்தால் தராசு இலையைச் சுற்றித்தான் கூட்டம். வடையும் பாயாசமுமாக வரிசையில் வந்து ஊற்றுகிறார்கள். "தராசு இல்லன்னா இந்தக் கல்யாணமே இல்ல" என்று தங்கச்சியே சொல்லுகிறாள். அவன் இரண்டாவது இலையில் இருந்தான், தலை நிமிரவில்லை. இன்றுவரை அந்த வூட்டு விசேஷம் என்றால் "தராசு வரலயா?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். என்னை அப்புறம்தான் "வாங்க" என்கிறார்கள்.

இது என்ன நியாயம்? வண்டியை ஓட்டினது யார்? சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கு நடுவில் ஆறு உசுரையும் ஒரு அண்டாவையும் கீறல் படாமல் கொண்டுவந்தது யார்? பட்டம் கட்டினது எந்தக் கை? நான் சொல்லச் சொல்ல இதை எழுதிக்கொள்ளுகிற பத்திரிகைக்காரங்களே, உங்களிடம் நேராகவே கேட்கிறேன். உடையார்பாளையம் கல்யாணத்தைப் பற்றி எங்கே எழுதினாலும் என் பேரும் வந்தாகணும், கொட்டை எழுத்தில். ஆனால் அவன் பேர் இல்லாத இடத்தில் என் பேரை மட்டும் தனியாகப் போட்டுடாதீங்க. அது எனக்கு வேண்டாம்.