முறை சொன்ன லேப்டாப்

"நிவேதா உனக்குத் தங்கச்சி முறைடா. கேக்கறவங்க காறித் துப்புவாங்க" என்றாள் வசந்தா.

தமிழ்வேந்தன் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தான். நாளைக்குக் கிளியனூரிலிருந்து நிவேதாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். அதற்குள் அம்மா மனசு மாறி, முந்திக்கொண்டு பெண் கேட்டாக வேண்டும்.

"அவ எப்படிம்மா தங்கச்சி?"

"அவங்கம்மா வைஜெயந்திய நான் அக்கான்னு கூப்பிடறேன். அக்கா பொண்ணு உனக்குத் தங்கச்சிதானே?"

"அவ தங்கச்சி இல்லைன்னு என் லேப்டாப் மெஷினே சொல்லிட்டா?"

"சொல்லட்டும். இப்பவே தட்டு எடுத்துக்கிட்டுப் போய்ப் பொண்ணு கேக்கறேன்."

மூலையில் கூழ் குடித்துக்கொண்டிருந்த அப்பா செல்லப்பன் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார். மரக்காணம் உப்பளத்தில் அவரும் வசந்தாவும் உப்பு வாரித்தான் மகனைப் படிக்க வைத்தார்கள். மகன் புதுச்சேரியில் ஒரு கம்பெனியில் விதிமொழி என்கிற கணினி மொழியில் புரோகிராம் எழுதுகிறான்.

அது லேசுப்பட்ட மொழி இல்லை. இதை இப்படிச் செய் என்று படிப்படியாகச் சொல்லித்தர வேண்டாம். உண்மைகளையும் விதிகளையும் கொடுத்தால் போதும். அவற்றிலிருந்து கிளம்பக்கூடிய அத்தனையையும் ஒன்று விடாமல் தானே கண்டுபிடித்து, வந்த வழியையும் காட்டிவிடும். நம் சம்பந்திச் சண்டைகளில் அப்படி நியாயம் பேசுகிற ஆள் ஒருத்தராவது உண்டா?

தமிழ்வேந்தன் லேப்டாப்பில் விதிகளை அடித்தான். அம்மாவின் அக்கா பிள்ளைகள் உடன்பிறந்தவர்கள். அம்மாவின் அண்ணன் பிள்ளைகள் கட்டிக்கொள்ளும் முறை. ஒருவருக்கே உடன்பிறந்த இருவர் தங்களுக்குள்ளும் உடன்பிறந்தவர்கள். உடன்பிறந்தவர்கள் கணவன் மனைவியாக முடியாது. வைஜெயந்தி அம்மாவுக்கு அக்கா என்பதையும், யார் யார் கணவன் மனைவி என்பதையும் உண்மைகளாகச் சேர்த்தான்.

'நிவேதா: தங்கை' என்றது லேப்டாப்.

"பார்த்தியா, என்னா அறிவு!" வசந்தாவுக்கு மெஷின் மேல் பாசமே வந்துவிட்டது.

"இரும்மா. நிவேதா அப்பா பலராமனை என்னன்னு கூப்பிடுவ?"

"அண்ணேன்னுதான்."

அண்ணனா! அப்படியானால் அவர் தாய்மாமன், நிவேதா முறைப்பெண். துள்ளிக்கொண்டு அதையும் சேர்த்தான். திரையில் சிவப்பு எழுத்து வந்தது: 'முரண்பாடு. பலராமனும் வைஜெயந்தியும் உடன்பிறந்தவர்கள்.'

"ஐயையோ! புருஷன் பொண்டாட்டிடா அவங்க!"

"உனக்கு ஒருத்தர் அண்ணன், ஒருத்தர் அக்கா. வேற எப்படிம்மா வரும்?"

"நம்ம மேஸ்திரி பச்சமுத்து அண்ணனையும் சேரு. பெரிய மனுஷன், அவர் வந்தா சரியாகிடும்."

"அவரை யாரு யாரு அண்ணன்னு கூப்பிடறீங்க?"

"நானு, உங்கப்பா, உப்பளத்துல எல்லாரும்தான்."

சேர்த்தான். உப்பளம் மொத்தமும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளாகிவிட்டது. கடைசி வரி இப்படி இருந்தது: 'முரண்பாடு. செல்லப்பனும் வசந்தாவும் அண்ணன் தங்கை.'

செல்லப்பனுக்குப் புரை ஏறியது.

"அடக் கட்டையில போற மெஷினே! மரியாதைக்குக் கூப்பிடறதெல்லாம் கூடப் பொறந்ததாகிடுமா?"

"அதேதாம்மா! மெஷின் தப்பே பண்ணல. நீ சொன்னதை அப்படியே நம்பிச்சு. அப்ப வைஜெயந்தி மட்டும் எப்படி உனக்கு அக்கா?"

வசந்தா கூந்தலை அள்ளி முடிந்தாள். "அது வேற. வாய் நிறைய அக்கான்னு கூப்பிட்டுட்டு, நாளைக்குச் சம்பந்தின்னு கூப்பிடுவேனா? ஒருவாட்டி முறை சொன்னா சொன்னதுதான். நான் மாத்த மாட்டேன். உன் மெஷினுக்குத்தான் கிறுக்கு!"

செல்லப்பன் கூழ்ச் செம்பைக் கீழே வைத்தார்.

"அதை ஏன்டி திட்ற? கல்யாணத்துக்கு மொதநாள் வரைக்கும் என்னையே நீ அண்ணேன்னுதானே கூப்பிட்ட?"